பதினொன்று

டப்பாவைக் கவிழ்த்து எண்ணினேன்.
பதினொரு ஸ்ட்ரிப்.
மறுபடி எண்ணினேன். பதினொன்றேதான்.

மஜூரோவிலிருந்து கப்பல் வர இன்னும் ஐந்து வாரம்,
அதுவும் எஞ்சின் மனசு வைத்தால்.
தீவில் சர்க்கரைக்காரர்கள் ஒன்பது பேர்.
பெயர் எழுதி ஒன்பது உறை ஒட்டினேன்.
மிச்சம் இரண்டைக் கட்டுத்துணிப் பெட்டிக்கு அடியில்
யாருக்கும் சொல்லாமல் வைத்தேன்.
மருந்தகம் நடத்துகிறவளுக்குக் கொஞ்சம்
பொய்யும் தெரிந்திருக்க வேண்டும்.

திங்களன்று கியோடக் வந்தான்.
கொப்பரை வெட்டி வெட்டி விரல் நுனியெல்லாம் காய்ப்பு,
ஊசி இறங்காது. காதுமடலில்தான் குத்துவேன்.
"சோறு தின்றுவிட்டு வருகிறேன், என்னுடையதை எடுத்து வை.
நாளைக்கு இன்னொன்று கடன் கொடு.
சீமைப்பலா தின்றுவிட்டு வருவேன்."

எதற்கு?

"அரிசியைக் குறை, அரிசியைக் குறை.
பதினாறு வருஷமாய் இதே பாட்டு.
அரிசி மூட்டையில் வருகிறது, உலையில் போட்டால் சோறு.
பலாவுக்கு மரம் ஏறணும், சுடணும், கரி சுரண்டணும்.
என் முழங்காலுக்கு ஒரு காரணம் காட்டு."

கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்தேன்.

இரண்டு கோப்பைச் சோறு, டப்பா மீன்,
இரண்டு மணி நேரம் கழித்து 271.
மறுநாள் சுட்ட பலா பாதி, அதே டப்பா மீன்,
188.

அடுப்புக்கரி எடுத்து மருந்தகக் கதவில்
அவனே எழுதினான், ஆள் உயரத்துக்கு.
நான் கீழே சின்னதாக எழுதினேன்:
ஒருவன் உடம்பு, ஒரே ஒரு நாள், எல்லாருக்கும் பொருந்தாது.
அதை யாரும் படிக்கவில்லை.
அந்த வாரம் காயலோரம் நாலைந்து வீட்டு வாசலில்
பலா சுடும் புகை.

வியாழன் ராத்திரி
ஹெர்ட்டினாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள்.
சட்டை பிழிகிற மாதிரி வேர்வை, கை நடுக்கம்,
என்னைத் தன் தங்கை பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.
காலையிலிருந்து ஒரு துண்டு பலா, அவ்வளவுதான்.
மாத்திரையை மட்டும் பழைய கணக்கிலேயே விழுங்கியிருக்கிறாள்.

ஒளித்து வைத்ததில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்தேன்.
டார்ச் வெளிச்சத்தில் ரத்தம் போதவில்லை.
மீட்டர் எண் காட்டாமல்
பிழை என்று கண் சிமிட்டியது.
அடுத்த உறையைக் கிழிக்கப் போனேன்.
அந்த நிலையிலும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்:
"அதில் லான்மோஜ் பேர் இருக்கு."

சர்க்கரை கரைத்துப் புகட்டினேன்.
எந்தச் சர்க்கரையை வேண்டாம் வேண்டாம் என்று
வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேனோ
அதே சர்க்கரை, நாலு கரண்டி.
குத்துமதிப்பில் ஓர் உயிர்.
கால் மணி நேரம் கழித்து
யார் வீட்டு நாய் இப்படிக் குரைக்கிறது என்று எரிந்து விழுந்தாள்.
அப்போதுதான் உட்கார்ந்தேன்.
அன்றைக்கு என்ன எண் என்று இன்றுவரை தெரியாது.

விடிந்ததும் கதவில் பெரிதாக எழுதினேன்:
சாப்பாட்டை மாற்றுகிறவர்கள்
மாத்திரையோடு முதலில் என்னிடம் வாருங்கள்.
இதைப் படித்தார்கள்.

ஏழாவது வாரம் கப்பல் வந்தது.
எனக்கு ஓர் அட்டைப் பெட்டி, அறுநூறு ஸ்ட்ரிப்.
வேறு கம்பெனி.
மீட்டரின் வாயில் நுழையவில்லை.
திருப்பிப் போட்டுப் பார்த்தேன், துடைத்துப் பார்த்தேன்,
மேசையைக்கூட ஒரு குத்து குத்தினேன்.
கியோடக் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தான்:
"காது குடையலாம்."
ரேடியோவில் மஜூரோவைக் கூப்பிட்டேன்.
பொருந்துகிறதை அனுப்புங்கள் என்றேன்.
இரைச்சலுக்கு நடுவே, அடுத்த கப்பல் என்றார்கள்.

மற்ற எட்டு உறையும் காலி.
லான்மோஜுடையது மட்டும் பிரிக்கப்படாமல் கிடந்தது.
எப்போது வந்தாளோ,
தன் பெயரைக் குறுக்கே அடித்துவிட்டு
கரியால் எழுதியிருந்தாள்:
ராத்திரிக்கு.