பதிமூன்று டிகிரி

டக்ஸ்டன் சாலையில் ஒரு கடைவீட்டின் மாடி.
ஏழரை மணி வகுப்புக்கு ஏழுக்கே போய்விட்டேன்,
இரும்புமுனைக் காலணியைப் பையில் திணித்து
வேறு செருப்பு மாற்றிக்கொண்டு.

ஆளுக்கு ஐந்து கோப்பை,
மேசை நடுவே ஒரு வெள்ளி வாளி.
"துப்பலாம்" என்றார் யோக் லான்.
துப்பினால் அபராதம் கட்டும் ஊரில்
இருபத்திரண்டு வருடமாக விழுங்கியே பழகியவன்
வாளியைப் பார்த்தேன்.
முதல் மூன்றையும் விழுங்கினேன்.

காம்பைப் பிடியுங்கள், வயிற்றை அல்ல.
சுழற்றுங்கள்.
மூக்கை உள்ளே விடுங்கள், வெட்கப்படாமல்.
இப்போது சொல்லுங்கள்.

"பிளாக்கரண்ட், தேவதாரு, ஈரக்கல்"
பக்கத்து வங்கிக்காரர் வாய்ப்பாடு போல் ஒப்பித்தார்.
பிளாக்கரண்டை நான் கண்ணால் கண்டதில்லை.
மகளுக்குக் காய்ச்சல் வந்தால் கலக்கும்
ரைபீனாதான் தெரியும்.
அதைச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள்
என் முறை வந்துவிட்டது.

"மழை விட்டபிறகு பழைய கன்டெய்னரைத் திறந்தால்..."
நிறுத்திவிட்டேன்.
"முடியுங்கள்."
"மரத்தரை. எப்போதோ காப்பிக்கொட்டை ஏற்றிய மரத்தரை."
என் கோப்பையை வாங்கி அவர் மறுபடி முகர்ந்தார்.
சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.
பலகையில் எழுதினார்: கன்டெய்னர்.

நான்காவது, சிவப்பு.
நாக்கு உலர்ந்து ஈறு இறுகியது.
உப்புத்தாள் என்றார் ஒருவர்.
ஆறிப்போன தேநீர் என்றாள் ஒரு பெண்.
இது சுவையே அல்ல, ஒரு தொடுகை என்று
யோக் லான் விளக்கத் தொடங்கியபோது
எனக்குச் சிரிப்பு வந்தது.
வாழைப்பூ, கடுக்காய்,
கடைவாயில் அடக்கிய கொட்டைப்பாக்கு.
ஆறு சுவையில் ஒன்றாக
எப்போதோ எண்ணி வைத்தாயிற்று அம்மா.
அதை ஆங்கிலத்தில் சொல்ல வராமல்
"துவர்ப்பு" என்றேன்.
து, வர், ப்பு.
அவர் வாயில் நடு எழுத்து வழுக்கியது.

அறை வெப்பத்தில் பருகுக என்று புத்தகம் சொல்லும்,
அது அவர்கள் ஊர் அறை என்றார்.
நம் அறை முப்பத்தொன்று.
பாட்டிலைப் பதிமூன்றில் வையுங்கள்.

பதிமூன்று.

பாசிர் பாஞ்சாங்கில் இரவுப் பணி எனக்கு.
அடுக்கடுக்காய் நிற்கும் குளிர்பெட்டிகளின்
எண்களைப் படிக்கிறவன்.
கழித்தல் பதினெட்டு என்றால் இறால்.
ஒன்று என்றால் ஆப்பிள்.
பதிமூன்று வாழைப்பழம் என்று
முதல் வாரம் யாரோ சொன்னார்கள்,
மறுபேச்சின்றி நம்பிவிட்டேன்.
அபாயவிளக்கு எரிந்த பெட்டியிடம் ஓடி,
பிளக்கை மாற்றி, விசிறியைத் தட்டி எழுப்பி,
"அழுகிடாதே, அழுகிடாதே" என்று
எத்தனை இரவு கெஞ்சியிருப்பேன்.
அதில் வாழை எத்தனை, இது எத்தனை?

சம்பள வாரம் ஒரு பாட்டில் வாங்கினேன்,
சிலி நாட்டுச் சிவப்பு, இருபத்தாறு வெள்ளி.
மரகதவல்லி வைத்திருந்தது நண்டுக் குழம்பு.
வாய்க்குள் இரண்டும் அடித்துக்கொண்டன,
மிளகாய் ஜெயித்தது.
"இதுக்கா வகுப்பு?" என்றாள்.
குழம்பை நகர்த்திவிட்டு
வேர்க்கடலையோடு தொடர்ந்தேன்.
பிறகு அவளே ஒரு மிடறு வாங்கி
நெடுநேரம் வாயிலேயே வைத்திருந்தாள்.
விழுங்கினாள். முகம் சுளித்தாள்.
தண்ணீர் குடித்தாள்.
"இப்பத்தான் இனிக்குது."
நோட்டில் குறித்துக்கொண்டேன், தேதி விலையோடு.

இன்றிரவு பதினோராம் வரிசையில் ஒரு பெட்டி,
பதிமூன்று புள்ளி இரண்டு.
எண்ணை எழுதிவிட்டு,
யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு
கதவின் ரப்பர் விளிம்பில் மூக்கை வைத்தேன்.
கடல். டீசல். புதிதாய் அடித்த பெயின்ட்.
வேறொன்றும் இல்லை.
இன்னும் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.