தாய் போ சுரங்கப்பாதை, இரவுப் பணி

கடைசி ரயிலும் போனபின்
ஆளுக்கொரு வாளி, ஆளுக்கொரு சுரண்டி.
படிக்காமல் சுரண்டுங்கள் என்றார்
மேற்பார்வையாளர் லோ.

மஞ்சள், பச்சை, ரோஜா நிறம்:
உள்ளங்கை அகலத் தாள்கள்,
ஈரத்தில் உதிராதிருக்க மேலே டேப்.
கூரையோரம் ஒட்டியவன்
யார் தோளில் ஏறியிருப்பான்?

படிக்கவில்லை.
ஆனால் கண் என்ன வாளியா, கவிழ்த்து வைக்க?
'எங்கள் வாக்கு எங்களுக்கு.'
'அம்மா, இன்றும் தாமதமாகும்.'
'அத்தனை கூட்டத்திலும்
ஆம்புலன்ஸுக்கு வழி விட்டோமே,
அதை யாராவது எழுதி வையுங்கள்.'
நடுவில், காணாமல் போன பூனை ஒன்று:
இடது காது கிழிந்திருக்கும், பெயர் சியூ மாய்.
பூனைக்கு ஏது அரசியல் என்று விட்டுவைத்தேன்.
லோ வந்து அதையும் கிழித்தார்.

யிப் சாவ்-ங்கோ
ஒரு தாளின் முன் நெடுநேரம் நின்றாள்.
தெரிந்த கையெழுத்தா என்று நான் கேட்கவில்லை.
சுரண்டாமல், நகத்தால் மெல்ல உரித்தாள்.
அது அவள் கையுறைக்குள் போனது.

விடியுமுன் சுவர் வெள்ளை.
கையெழுத்துப் போட்டுக் கூலி வாங்கினோம்.

மூன்று வாரம் கழித்து
குடையோடு அந்த வழியே வந்தேன்.
தாள் போயும் பசை போகவில்லை.
நடப்பவர்களின் தூசியெல்லாம்
பசை இருந்த இடமாய்ப் பார்த்துப் படிந்து
சுவர் முழுக்க வரி வரியாய்,
ஓர் எழுத்தும் இல்லாமல்.

பள்ளிச் சீருடையில் ஒருத்தி
எதிரே நின்று
இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பூனை இருந்த இடம் மட்டும்
கொஞ்சம் பெரிது.