சூடு ஏறினால் மட்டும்

பக்கத்து இருக்கைக்குக் கீழே எஞ்சின்.
என் இடது தொடைக்குத் தெரியும் அதன் குணம்,
மீட்டர் முள்ளுக்கு முன்பே.

காலை ஐந்தரைக்குச் சமர்த்து.
ஜெலுத்தோங், குளுகோர், சுங்கை டுவா,
பதினோரு பெண்களை அள்ளிக்கொண்டு போய்
பாயான் லெப்பாஸ் கேட்டில் இறக்கிவிடும்,
ஓர் இருமல்கூட இருமாமல்.

மதியச் சிப்டுக்குத்தான் பிடிவாதம்.
சிவப்பு விளக்கில் நின்ற இடத்திலேயே
மூச்சு அடங்கும். பின்னால் ஹாரன்.
மூடியைத் தூக்கிவைத்து
பழைய காலண்டர் அட்டையால் விசிறினால்
இருபது நிமிடத்தில்
ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.
ரொஹைதாவுக்கும் புஸ்பமலருக்கும்
அரை மணி நேரச் சம்பளம் வெட்டு.

பூன் கியாட் பட்டறைக்குப் போய்ச் சேரும்போது
சூடு தணிந்திருக்கும்.
கிளினிக் வாசலில் காய்ச்சல் விட்ட பிள்ளை.
"நோய் ஒண்ணும் இல்ல லா" என்பான் அரைத் தமிழில்.
பார்த்த கூலி பத்து வெள்ளி.

டீசலுக்குப் பொறி வேண்டாமாம்.
காற்றை அழுத்தினால் தானே பற்றிக்கொள்ளுமாம்.
மின்சாரம் கேட்பது ஒரே ஓர் இடம்:
எண்ணெய் வழியைத் திறந்து பிடித்திருக்கும்
கட்டைவிரல் அளவு வால்வு.
அதற்கு ஒரு கம்பி.
அந்தக் கம்பி கைவிட்டால்
டாங்கி நிறைய இருந்தும் பட்டினி.

இதை அவன் சொன்னது நேற்று,
உச்சி வெயிலில்
அவனையே வண்டியில் ஏற்றிக்கொண்ட பிறகு.
பக்கத்து இருக்கையைக் கழற்றிப் போட்டுவிட்டு
எஞ்சினோடு முகத்தோடு முகமாய்க் குந்தி வந்தான்.
கடலோரச் சாலையில் மூன்றாவது சுற்றில் நின்றது.
"தொடாதே, தொடாதே!"
அவனுக்கு அத்தனை சந்தோஷம்.

சட்டைப் பையிலிருந்து மீ சாப்பிட்ட குச்சியை எடுத்து
கம்பிகளை ஒவ்வொன்றாய் நெம்பினான்.
புகைக்குழாய்ப் பக்கம் வளைந்த ஒன்றில்
'டிக்' என்றது வால்வு.
உறை முறுக்குபோல் நொறுங்கி
அவன் உள்ளங்கையில் உதிர்ந்தது.
உள்ளே பச்சை பூத்த செம்பு,
சூட்டில் விலகி
ஆறியதும் ஒட்டிக்கொள்ளும் இரண்டு நுனி.

புதுக் கம்பி, வெள்ளை நார் உறை,
நாற்பது வெள்ளி.
டார்ச்சை அணைக்காமல் சொன்னான்:
"இந்தக் கட்டுல இன்னும் பதினெட்டு இருக்கு.
எல்லாம் ஒரே வயசு."

அடுத்த மாசம் பார்க்கலாம் என்றேன்.

இரவு பத்துக்குச் சிப்டு விட்டது.
"சரியாச்சாக்கா?" என்று கேட்டுக்கொண்டே
புஸ்பமலர் ஏறினாள்.
ஒண்ணு சரியாச்சு, என்றேன்.
அவர்கள் தூங்கிவிட்டார்கள், தலை மேல் தலை சாய்த்து.
இடது தொடை மட்டும்
காது கொடுத்துக்கொண்டே வந்தது.