திரைக்குக் கீழே

வாழைச்சேனைத் துறைமுகத்து ஐஸ் ஆலையில்
கணக்கு மேசை ஒன்றரைச் சாண்.
மிச்சமெல்லாம் ஈரம்.
மடிக்கணினி வைத்தால் உப்பு தின்றுவிடும் என்றார்கள்.
வைத்துப் பார்த்தோம்.
தின்றுவிட்டது.

அதனால் புறக்கோட்டையில் பழசாய் வாங்கிய இந்தக் கைப்பலகை.
இணையம் பார்க்கவென்று செய்தார்களாம்.
இங்கே இணையம் இல்லை.
பொலித்தீன் பைக்குள் போட்டு
பைக்கு மேலாலேயே தட்டுகிறேன்.
கூட வந்த குச்சியின் நுனியில்
யாரோ கடித்த பல் தடம்.

முதலாளியின் கணக்குக் கோப்பை
இதன் சொந்த மென்பொருள் திறக்க மறுத்தது.
சரி என்று
பெரிய கணினியில் ஓடும் லினக்ஸை முழுசாய்
நகம் அளவு மெமரி கார்டுக்குள் இறக்கினேன்,
வள்ளத்துக்குள் பலநாள் படகை இறக்கியது போல.

முதல் ராத்திரி
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடி ஓடி
ஓரிடத்தில் நின்றுவிட்டது.
ஐஸ் உடைக்கும் கமலேந்திரன் எட்டிப் பார்த்தான்.
‘என்னவாம் மறுகா?’
‘கெர்னல் பீதியடைஞ்சிட்டுதாம்.’
‘எதுக்குப் பயம்? நாங்க இரிக்கம்தானே.’

இரண்டாம் ராத்திரி எழும்பியது.
தமிழ் இருந்த இடமெல்லாம் கட்டம் கட்டமாய்,
தண்ணீர் ஊற்றாத ஐஸ் அச்சுகள்.
எழுத்துருவைக் கொண்டுவந்து ஊற்றினேன்.
உறைந்தது, ஆனால் கோணலாய்.
கடனுக்குப் பதில் மீன் தந்தவர்களின் வரிசையில்
கொடுவா என்பதன் கொம்பு ஒரு பக்கம்
ககரம் ஒரு பக்கம்
கால் ஒரு பக்கம்.
மீனைப் பெயரிலேயே வெட்டிவைத்திருந்தது.

மறுகா அதையும் சரிப்படுத்தினேன்.
கோப்பு திறக்க நாலு நிமிஷம்.
அதற்குள் மூன்று பார் உடைந்து குழாயில் இறங்கிவிடும்.
நூற்றிருபத்தெட்டு எம்பி நினைவு,
போதாதபோது கார்டிடம் கைமாற்று வாங்கும்.
இந்தத் துறைமுகத்தில் அதைக் குறை சொல்ல
யாருக்கும் வாயில்லை.

ஒன்றுதான் சரிவரவில்லை.
பெரிய திரைக்கென்று வெட்டிய பெட்டிகள் இவை.
கேள்வி மட்டும் கண்ணுக்குத் தெரியும்.
பதில் சொல்லும் பொத்தான்கள்
திரையின் அடிவிளிம்புக்குக் கீழே,
இல்லாத ஓர் இடத்தில் இருக்கும்.
டாப் விசையை மூன்று தரம் தட்டினால் இல்லை.
நாலு தரம் தட்டினால் ஆம்.
வாய்க்குள் எண்ணிக்கொண்டே தட்டிப் பழகினேன்.

நேற்று விடியப்புறம் மூன்று மணி.
ஹயாத்து காக்கா வந்து நின்றார்.
போன தரம் எஞ்சின் பழுது,
அதற்கு முந்தின தரம் வலை.
நூற்றிருபது பார் கேட்டார், கடனுக்கு.
கதவு நிலையில் சாய்ந்து
என்னைப் பார்க்காமல்
சுவரில் மாட்டியிருந்த போன வருஷத்துக் கலண்டரைப் பார்த்தார்.

எண்ணைப் பதிந்தேன்.
பெட்டி எழும்பியது:
இந்தத் தொகை வரம்பை மீறுகிறது. ஏற்றுக்கொள்ளவா?
வரம்பு முதலாளி வைத்தது.
கேள்வி முதலாளியின் குரலில் இல்லை,
யாருடைய குரலிலும் இல்லை.
ஆம், இல்லை, இரண்டும் கீழே.

தட்டத் தொடங்கினேன்.
ஒன்று.
இரண்டு.
அந்த நேரம் பார்த்து உடைப்பான் உறுமியது.
கமலேந்திரன் என்னைக் கேட்கவில்லை,
முதல் பார் ஏற்கெனவே வாய்க்குள் போய்
நொறுங்கி
குழாய் வழியே படகின் வயிற்றுக்குள் விழுந்துகொண்டிருந்தது.
எண்ணிக்கை போய்விட்டது.
என்டரை அமுக்கினேன்.

பெட்டி உடனே போகவில்லை.
பாதி அழிந்தபடி
யோசிப்பது போலக் கிடந்தது.
தொகை வரிசையில் ஏறி உட்கார்ந்தபோது
படகின் விளக்கு முகத்துவாரத்தைத் தாண்டியிருந்தது.

காலையில் முதலாளி
தன் பெரிய கணினியில் கோப்பைத் திறந்தார்.
அவருடைய திரையில் எல்லாப் பொத்தானும் தெரியும்.
‘இதுக்கு ஆம் சொன்னது ஆரு?’

மூன்று தட்டத்தான் நினைத்தேன் என்றேன்.
பொய்.
எத்தனை என்று
நான் நினைக்கவேயில்லை.