எட்டுக் குடை

பதுளையில் சனிக்கிழமை மூன்றரைக்கு என் வேலை தொடங்கும்.
எட்டுப் பேர், எட்டு நீலக் குடை.
கழுத்து அட்டையில்: செவ்வந்தி, வழிகாட்டி.
ஒரே பகிடியை மூன்று மொழியில் சொல்வேன்,
மூன்றிலும் வேறு வேறு இடத்தில் சிரிப்பார்கள்.

முத்தியங்கணைப் பக்கம் சோமாவதி அக்காவின் கொலகந்தை;
கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும்.
பள்ளிவாசல் சந்தில் ஃபலீல் நானாவின் வட்டிலப்பம்.
மலாய்க்கார வீட்டு ஜன்னலில் பஸ்தோல்,
சூடு பொறுக்காமல் கை மாற்றி மாற்றித் தின்பது.
சீனப் பல்வைத்தியரிடம் சாப்பிட எதுவுமில்லை,
ஆனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் சிரிக்கிற பல்செட்டைப்
படமெடுக்காமல் ஒருவரும் நகர்ந்ததில்லை.
கடைசியில் பஸ் ஸ்டாண்ட், கொத்து.
அந்தத் தகட்டுச் சத்தத்தில் யாரும் கேள்வி கேட்க முடியாது,
அங்கேதான் என் தொண்டைக்கு ஓய்வு.

அன்றைக்கு மழை. எண்ணினேன். ஏழு குடை.

மறுபடி எண்ணினேன்.
ஹென்ட்ரிக்கைக் காணவில்லை.
ஒல்லாந்து தேசத்தில் முப்பத்தைந்து வருடம் தபால்காரர்,
வந்ததிலிருந்து கோபுரத்தையும் கோவிலையும் விட்டுவிட்டு
கதவு இலக்கங்களையே வாசித்துக்கொண்டிருந்தவர்.

ஏழு பேரையும் கொத்துக்கடை வாங்கில் இருத்திவிட்டு
வந்த வழியே ஓடினேன்.
பல்வைத்தியர் வாய்மூடியை இறக்காமல் மேலே கை காட்டினார்.
மலாய் வீட்டுப் பெடியன், “ரெண்டு பஸ்தோல், காசு குடுத்தாரு” என்றான்.
ஃபலீல் நானா, “இன்னொரு வட்டிலப்பம் திண்டார் புள்ள,
சல்லி மட்டும் தரல்ல” என்று சிரித்தார்.
கொடுத்தேன்.
சோமாவதி அக்கா சட்டியைக் கவிழ்த்துக்கொண்டே
“அர பெத்தட்ட” என்றாள். அந்தப் பக்கம்.

அந்தப் பக்கம்
மார்க்கெட்டுக்குப் பின்னால், கானுக்கு மேலே
நகரசபைக் கூட்டுகிறவர்களின் லயம்.
ஆறு வருடமாக நூறு தடவை அதன் வாய்க்குப் போய்
“இப்படித் திரும்புங்கள், அதோ மலையைப் பாருங்கள்” என்று
கையை மற்றப் பக்கம் நீட்டியிருக்கிறேன்.
பயமில்லை. வெட்கமா? அதுவும் சரியாகத் தெரியவில்லை.
நான் பிறந்த லயம் இதைவிடப் பெரிதில்லை,
அதன் கதவுகளில் எண்ணே இல்லை.
கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து
அங்கேயே கிடக்கும். என் பரீட்சை முடிவு
பதினோரு நாள் கிடந்தது.

இங்கே எண் இருந்தது.
46/1, 46/1 அ, 46/2, பிறகு திடீரென்று 46/9,
கரியால், சுண்ணாம்பால், ஒரு கதவில் பல்பொடி மாதிரி எதனாலோ.
விடுபட்ட எண்களைத் தேடித்தான் மனிதர் போயிருக்க வேண்டும்.

46/14இல் இருந்தார்.
குடை மூலையில் ஒழுகிக்கொண்டிருந்தது.
வேலை முடித்து வந்து, சீருடைச் சட்டையைக்கூடக் கழற்றாமல்
ஒரு பெண் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். தங்கபாக்கியம் என்றாள்.
அவர் கட்டசம்பலில் மூக்கு ஒழுக
காற்றில் வீட்டு எண்களை வரைந்து என்னவோ கேட்டார்,
அவள் தமிழில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.
இருவருக்கும் நான் தேவைப்படவில்லை.

“நீயும் உக்காரு, நனஞ்சிட்ட” என்றாள்.
தேங்காய்ப்பூ போட்ட ரொட்டி, ஓரம் கருகியது.
ஒன்றும் விளக்காமல் தின்றேன்.
“எவ்வளவு?” என்றேன்.
வேண்டாம் என்பாள் என்று நினைத்திருந்தேன்.
“நாலு ரொட்டி, முந்நூத்தி இருவது. சம்பல் சும்மா.”

வாசலில் செருப்பை மாட்டும்போது
அடுத்த சனிக்கிழமை ஆட்களைக் கூட்டி வரலாமா என்று
பாதிக் குரலில் கேட்டேன்.
அவள் அடுப்பிலிருந்து திரும்பவில்லை.
“எத்தன பேருன்னு வெள்ளிக்கெழமையே சொல்லிரு.
மாவு பெசையணும்.”

கீழே ஏழு பேர் கொத்தை முடித்துவிட்டு
என்னை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.