ஏழாவது பொத்தான்

மோந்தேவீதியோவில் ஞாயிறு என்றால்
திரிஸ்தான் நர்வாஹா தெரு.
கீரைக்கட்டு, கிளிக்கூண்டு, ஒற்றைக்கால் ஸ்கேட்டிங் ஷூ,
பல்போல் மஞ்சளித்த பியானோக் கட்டைகள்.
ஜூலைக் குளிர் ஆற்றிலிருந்து ஏறிவந்து
காது மடலைக் கிள்ளும்.

நிபியா கப்ரேரா விரித்த போர்வையில்
வயர்கள் இடியாப்பச் சிக்கலாய்க் கிடந்தன.
கக்கத்தில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே.
நான் எடுத்ததைப் பார்த்து
"அது கராஜ் கதவு திறக்கிற ரிமோட்" என்றாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
வாங்குகிறவன் வாய் திறந்தால் விலை ஏறும்.

எனக்கு அசல் வேண்டாம்.
அசல் கன்ட்ரோலர் எல்லார் வீட்டிலும் இருந்தது, ஒரே முகம்.
கம்பெனி பெற்ற பிள்ளைக்குப் பெயர், எண், பெட்டி எல்லாம் உண்டு.
நான் தேடுவது வேறு எவனோ செய்த வேறெதையோ:
வௌவால் சிறகாய் விரிந்தது,
கை வேர்க்காதிருக்க வயிற்றில் விசிறி வைத்தது,
'மெதுவாக' என்றொரு சுவிட்ச் போட்டு
ஸ்டார்ட்டைத் தானே படபடவென அமுக்கி
ஆட்டத்தை விக்கவைத்து
அதையே மெதுவென்று நம்பச் சொன்னது.

பெயரில்லாததை எப்படி அடையாளம் காண்பது?
லேபிளைப் படிக்காதே. லேபிள் பொய் சொல்லும்.
வயரை முழம் போடு.
பிளக்கில் ஒன்பது துளை;
எத்தனையில் உலோகம் என்று எண்ணு.
பிளாஸ்டிக்கை முகர்ந்து பார்.
இரண்டு ஓடும் சேரும் விளிம்பில் நகத்தை ஓட்டு.
கடைசியாக முதுகைத் திருப்பு.

முதுகில் மூன்று திருகு,
ஆய்த எழுத்துப் போல.
அப்படியொன்றை நான் பார்த்ததில்லை.
சால்ட்டோ ஊர் எடிசன் லர்ரோசாவும் பார்த்ததில்லை;
படம் அனுப்பினேன்,
ஒரு மணி நேரம் கழித்து வந்த பதில்: "எவ்வளவு?"
அவன் அகராதியில் பொறாமைக்கு அதுதான் சொல்.

நானூறு பெசோ.
சில்லறை இல்லையென்று
நிபியா ஒரு எலுமிச்சை கொடுத்தாள்.

இரவு, சமையல் மேஜை.
திருகுகள் ஜாடி மூடியில்.
தகட்டில் தேதி இல்லை, தொழிற்சாலை இல்லை,
யாரோ பேனாவால் போட்ட ஒரு டிக் மட்டும்.
திசைக்கட்டைக்கு நான்கு தடம்,
ஆறு பொத்தானுக்கு ஆறு.
நடுவில் சிவப்பாய் இருந்த ஏழாவதற்கு
ரப்பர் உண்டு.
ரப்பருக்குக் கீழே
செம்புமில்லை, கோடுமில்லை,
வெறும் பச்சை.

நான் லிஃப்ட் மெக்கானிக்.
என் பொறுப்பில் பதினொரு கட்டடங்கள்.
கதவை மூடும் பொத்தான் நாலில்தான் வேலை செய்கிறது,
மற்ற ஏழில் வயரே கிடையாது.
அவசரக்காரர்கள் குத்துகிறார்கள்,
கதவு தன் நேரத்துக்கு மூடுகிறது,
ஜெயித்த முகத்தோடு மேலே போகிறார்கள்.
நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆகவே எனக்கு ஆச்சரியம் அதில் இல்லை.
மற்ற ஆறும் லேசாக மங்கியிருந்தன, அவ்வளவுதான்.
இந்தச் சிவப்பு மட்டும்
நடுவில் குழிந்து, சாயம் போய், உள்வெள்ளை தெரிய,
சற்றே இடப்பக்கம் சாய்ந்த ஒரு கட்டைவிரல்
வருஷக்கணக்கில் இங்கே குடியிருந்திருக்கிறது.
கடைசி உயிரில், பள்ளத்தின் விளிம்பில்
குதித்தது போதாதோ என்று பயந்த விரல்.
எந்தப் பாஷையில் வேண்டிக்கொண்டதோ.

நோட்டில் எழுதினேன்:
தயாரிப்பு தெரியாது. நாடு தெரியாது.
ஏழாவது பொத்தானின் வேலை: இல்லை.
தேய்மானம்: மிக அதிகம்.

மூடித் திருகிச் செருகினேன்.
மூன்றாம் கட்டத்தில்
எரிமலைக்கு மேல் பாலம் உடைந்தது.
அமுக்கினேன்.
இன்னொரு தரம், பல்லைக் கடித்துக்கொண்டு.
முழங்கை பட்டு உருண்ட எலுமிச்சை
மேஜை விளிம்புவரை போய்
நின்றுவிட்டது.
நான்தான் விழுந்தேன்.

எடிசனுக்கு இதைச் சொல்லப்போவதில்லை.
இன்னும் இரண்டு உயிர் மிச்சம்.