ஆளில்லாப் பகுதி

கூரூவில் மழை பிடித்தால்
சுவர்கூட முளைக்கும்.
கதவிடுக்கில் காளான், செருப்புக்குள் தவளை,
மேசையில் மறந்த ரொட்டிக்கு
விடிவதற்குள் பச்சை மயிர்.
இந்த ஊரில்தான்
உயிரே இல்லாத ஓர் அறையை
இரவு பகலாகக் காவல் காக்கிறார்கள்.

சில்வீன் பொலிகார்ப் உள்ளே போக
நாற்பது நிமிடம் ஆகும்.
நகப்பூச்சு கூடாது. வாசனைத் தைலம் கூடாது.
சிரிப்பதும் அளவோடு,
எச்சில் தெறிக்கும்.
வெள்ளை உடைக்குள் கண் மட்டும் மிஞ்ச
இறங்குகலத்தின் மூன்றாம் காலை
ஈரப் பஞ்சால் ஒற்றி எடுக்கிறாள்,
காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுவதுபோல.

கலம் போகவேண்டியது ஒரு பனிநிலாவுக்கு.
ஓட்டுக்குக் கீழே கடலாம்.
கடலுக்குள் யாராவது,
யாராவது என்று எழுதிவிட்டேன்,
ஏதாவது இருக்கலாமாம்.

மூன்றாம் நாள் காலை
பதினேழாம் தட்டில் ஒரு புள்ளி.
கடுகில் பாதி. வெண்ணெய் நிறம்.

பாரிஸிலிருந்து வந்திருந்த
சட்ட ஆலோசகர் திபோ மொர்வான்
தட்டை விளக்கருகே தூக்கிப் பார்த்தார்.
"ஒன்றுதானே?"
"ஒன்றுதான்.
இரண்டாவதை அதுவே செய்துகொள்ளும்."
"ஏவும் நாள் தவறினால்
பத்தொன்பது மாதம் காத்திருக்க வேண்டும்."
"தெரியும்."
பிறகு அவள்தான் கேட்டாள்:
தீங்கான மாசு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே,
தீங்கு யாருக்கு?

அவர் நேர்மையான மனிதர்.
காப்பி ஆறும்வரை யோசித்தார்.
"நம் ஆராய்ச்சிக்கு.
நாம் கொண்டுபோய் விட்டதையே
நாம் கண்டுபிடித்து ஏமாந்துவிடக் கூடாது, அதற்கு."
"அங்கே இருப்பவற்றுக்கு?"
"இருப்பதாகத் தெரியவந்தால்
ஒரு குழு கூடும்."

அவள் சிரித்தாள்.
முகமூடி இல்லை அப்போது. எச்சில் தெறித்தது.

ஏவுதளத்துக்கு நிலம் அளந்தபோதும்
ஏதோ ஒரு குழு கூடித்தான் இருக்கும்.
வரைபடத்தில் இந்தக் கரையோரம் வெள்ளை.
வெள்ளைக்குள் மரவள்ளி நட்டிருந்த ஒரு குடும்பத்தில்
அவள் அப்பாவுக்கு அப்போது ஆறு வயது.
வீட்டுச் சாமானை லாரியில் ஏற்றினார்களாம்.
கோழிகளை ஏற்ற விடவில்லையாம்.
அப்பாவுக்கு இன்றும்
லாரியைவிடக் கோழிகள்தான் நினைவில்.

எனக்கு இதைத் தமிழில் எழுதுவதில் ஒரு சிக்கல்.
ஒவ்வொரு வினைமுற்றும்
வாசலை மறித்துக்கொண்டு கேட்கிறது:
உயர்திணையா, அஃறிணையா?
இருக்கிறாரா, இருக்கிறதா?
கண்ணால் காணாத ஒன்றுக்கு
விகுதி போடக் கை வரவில்லை.
அப்புறம்தான் உறைத்தது,
குழந்தை அழுகிறது என்றுதானே சொல்கிறோம்.
அழுகிறது. பாலுக்கு ஏங்குகிறது.
அஃறிணையில்தான் கிடத்தியிருக்கிறோம்.
அதற்காகத்தான் வீடே விழித்திருக்கிறது.

புள்ளியின் பூர்வீகம் மாலையில் தெரிந்தது.
மனிதத் தோலில் வாழ்வது.
அவள் கன்னத்திலிருந்தே உதிர்ந்திருக்கலாம்.
தட்டை அழுத்தக் கொதிகலனில் வைத்துத்
திருகி மூடினாள்.
ஒன்றைக் காக்க இன்னொன்று.
இதற்கும் ஒப்பந்தத்தில் வரி இல்லை.

கலத்தை மறுபடி அடுப்பில் ஏற்றச் சொல்லிப்
படிவம் நிரப்பினாள்.
நூற்றுப் பத்து டிகிரி, ஐம்பது மணி நேரம்.
கடைசிக் கட்டம்:
பாதிக்கப்படக்கூடிய தரப்பு.
வழக்கமாகப் பொருந்தாது என்று போடுவார்கள்,
அல்லது காலியாக விடுவார்கள்.
காலியாக விட்ட இடத்தில் என்ன கட்டுவார்கள் என்று
அவளுக்குத் தெரியும்.
தெரியவில்லை என்று எழுதினாள்.
பேனா ஒருமுறை மக்கர் செய்தது,
மேலேயே இன்னொரு தடவை எழுதினாள்.

அந்த வாரம் ராக்கெட் கிளம்பவில்லை.
கடற்கரைக்குப் பீர்ப்பெட்டியோடு வந்தவர்கள்
திட்டிக்கொண்டே திரும்பினார்கள்.